எத்தனை வருஷம் ஆகும்? - டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை சொல்லும் பதில்

சேலம், நாமக்கல் பகுதியில் பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள், எத்தனை வருஷம் ஆகும்?

பயிற்சி ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. சிறப்பு மருத்துவராக எம்.டி. அல்லது எம்.எஸ். 3 ஆண்டு. இதயம், புற்றுநோய் போன்ற உயர்சிறப்புப் படிப்புக்கு மேலும் 3 ஆண்டு. நீட் தேர்வுக்குத் தயாராகும் காலம் தனி. கல்யாண வயது தாண்டிவிடுமே என்று பல பெற்றோர் இங்கேயே பின்வாங்கிவிடுகிறோம்.

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திய காலம் அது. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு நடுவே மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் பட்டம். அதன் பிறகு 1914இல்தான் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம்.

படிப்பு அதோடு நிற்கவில்லை. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். 1925இல், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, ஏறத்தாழ நாற்பது வயதில், பெண்கள், குழந்தைகள் நோய்களில் உயர்பயிற்சி பெற லண்டன் சென்றார். மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன!

திரும்பி வந்து 1927இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குச் சென்றார், அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறை ஒழியப் போராடினார். தங்கையின் மரணத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை இறந்து அப்போது 31 ஆண்டுகள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அங்கேயே பணியாற்றினார். 1968இல் முத்துலட்சுமி மறைந்தார். ஏழை நோயாளிகளுக்கு அந்த மருத்துவமனை இன்றும் கைகொடுக்கிறது.

அவருக்குக் கிடைக்காத வசதிகள் நம் பிள்ளைகளுக்கு இருக்கின்றன. சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022இல் வந்துவிட்டது. முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் இருக்கின்றன.

பிரசவ அறையில் பெண் மருத்துவரைத் தேடி அலைகிறவர்கள் நாம். அப்படியானால் நம் வீட்டு மகள் படிக்கும் பதினொன்றரை ஆண்டுகளுக்கு மட்டும் பொறுமை இல்லாமல் போவது சரியா? ஆண்டுகள் எப்படியும் ஓடிவிடும். அவள் படித்திருப்பாளா என்பதை முடிவு செய்ய வேண்டியது நாம்தான்.