கல்விச் செம்மல் அசுதோஷ் முகர்ஜி

வீடு கட்டுவோன் முதலில் நிலத்தை அளப்பான். பின்னர் அடித்தளம் இடுவான். அதன் பின்னரே சுவர் எழுப்புவான். பல்கலைக் கழகம் ஒன்றை வளர்ப்பதும் அத்தகையதே. இன்று வேண்டுவது யாது, இருபது ஆண்டுகட்குப் பின் வேண்டுவது யாது என்று முன்னரே எண்ணி, ஒவ்வொன்றையும் உரிய காலத்தில் செய்து முடிக்கும் ஆற்றல் அதற்கு வேண்டும். அவ்வாற்றல் நிரம்பப் பெற்றவர் வங்க நாட்டுப் பெரியாராகிய சர் அசுதோஷ் முகர்ஜி ஆவார்.

அசுதோஷ் 1864ஆம் ஆண்டு சூன் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். அந்நகரே இன்று கொல்கத்தா என வழங்குகிறது. அவர்தம் தந்தையார் கங்கா பிரசாத் முகர்ஜி ஒரு மருத்துவர். இளமையிலேயே அசுதோஷின் உள்ளம் கணிதத்தில் தோய்ந்தது. கல்லூரியில் பயிலும் நாளிலேயே அவர் எழுதிய கணிதக் கட்டுரைகள் ஆராய்ச்சி இதழ்களில் வெளியாயின. 1885இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார், மறு ஆண்டே அறிவியலிலும் அப்பட்டம் பெற்றார்.

கணித ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிட அவர் விழைந்தார். ஆயின், அதற்கு இடமளிக்கும் பதவி எதுவும் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் இல்லை. அதன் துணைவேந்தராக அமர்ந்த முதல் இந்தியராகிய குருதாஸ் பானர்ஜி, அசுதோஷுக்கென ஒரு பதவியை அமைக்கப் பொருள் திரட்ட முயன்றார். போதிய பொருள் கிட்டவில்லை. எனவே அசுதோஷ் சட்டத் துறையிலேயே நிலைத்தார். 1904இல் உயர்நீதிமன்ற நடுவராகவும் உயர்ந்தார். எனினும், தமக்கு மூடப்பட்ட வாயிலைத் தம் நாட்டு இளைஞர்க்குத் திறந்துவைக்கும் பணியை அவர் மறந்தாரில்லை. 24ஆம் வயதிலேயே பல்கலைக் கழகப் பேரவையில் உறுப்பினராகி, அதன் நிறைகுறைகளை நன்கு அறிந்திருந்தார்.

அக்குறைகளுள் பெரியது யாது? சென்னை, பம்பாய்ப் பல்கலைக் கழகங்களைப் போலவே கல்கத்தாப் பல்கலைக் கழகமும் 1857இல் தோன்றியது. இவை மூன்றும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையங்களாகவே அமைந்தன. பாடம் கற்பித்தவை கல்லூரிகளே. பிறர் கண்ட அறிவை மாணவர் மனப்பாடம் செய்து ஒப்புவித்தனர். புதிய அறிவைக் காண்பதற்கு அங்கே இடமில்லை.

1904இல் கர்சன் பிரபுவின் ஆட்சியில் பல்கலைக் கழகச் சட்டம் ஒன்று பிறந்தது. பல்கலைக் கழகங்களை அரசின் பிடியில் இறுக்கவே அது வந்ததென மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்திற்குக் காரணமும் இருந்தது. ஆயினும், பேராசிரியர்களை அமர்த்தவும், ஆய்வுக் கூடங்கள் அமைக்கவும், தாமே கற்பிக்கவும் பல்கலைக் கழகங்களுக்கு அதே சட்டம் உரிமை தந்திருந்தது. அசுதோஷின் கூரிய கண்கள் அதனைக் கண்டுகொண்டன. 1906இல் துணைவேந்தரானதும், பிறர் விலங்கெனக் கருதிய சட்டத்தையே அவர் தம் திட்டத்திற்குக் கருவியாக்கினார். 1914 வரை தொடர்ந்து எட்டாண்டுகள் அப்பதவியில் விளங்கினார். பகலில் நீதிமன்றப் பணி. எஞ்சிய பொழுதெல்லாம் பல்கலைக் கழகப் பணி.

உரிமை கிட்டினும் பொருளின்றிப் பணி நடவாது. அரசு தரும் பொருளை மட்டும் நம்பியிராமல் அவர் நாட்டுச் செல்வர்களின் உள்ளத்தைத் தொட்டார். வழக்கறிஞராகிய தாரகநாத் பாலித் 1912இல் தம் செல்வத்தை வாரி வழங்கினார். அடுத்த ஆண்டில் ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் ரூபாய் அளித்தார். இக்கொடைகளால் நிறுவப்படும் பேராசிரியர் பதவிகள் இந்தியர்க்கே உரியன என்பது அவ்விருவரும் விதித்த கட்டளை. 1914 மார்ச்சுத் திங்களில் அறிவியல் கல்லூரிக்கு அசுதோஷ் அடிக்கல் நாட்டினார்.

கட்டடத்தினும் சிறந்தவர் அதனுள் அமரும் ஆசிரியர் என்பதை அவர் அறிவார். எனவே, தகுதியுடையோரை மாநில வேற்றுமை பாராது தேடினார். அந்நாளில் கல்கத்தாவில் அரசின் நிதித் துறையில் உயர்பதவி வகித்த தமிழ் இளைஞர் ஒருவர், ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்து வந்தார். அவரே சி. வி. இராமன். இயற்பியல் பேராசிரியராகுமாறு அசுதோஷ் அவரை அழைத்தார். வருவாய் பெரிதும் குறையும் என்றறிந்தும் இராமன் 1917இல் அப்பதவியை ஏற்றார். பின்னர் அவர் 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்றதை உலகம் அறியும். வேதியியலுக்குப் பிரபுல்ல சந்திர ராய் வந்தார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத சாகா ஆகிய இளைஞர்களுக்கும் வாய்ப்புக் கிட்டியது. திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் 1921இல் மைசூரிலிருந்து தத்துவப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

1917இல் எம்.ஏ. முதலிய மேற்படிப்புகளைப் பல்கலைக் கழகமே நேரில் நடத்தும் ஏற்பாடு உருவாயிற்று. பண்டைய இந்திய வரலாறு, உளவியல், மானிடவியல் முதலிய புதுத் துறைகள் மலர்ந்தன. தாய்மொழி உயர்கல்விக்கு உதவாது எனப் பலர் கருதிய அக்காலத்தில், இந்திய மொழிகளையே எம்.ஏ. வகுப்பில் பாடமாக்கினார் அசுதோஷ்.

1921இல் அவர் மீண்டும் துணைவேந்தரானபோது பல்கலைக் கழகம் கடும் பணமுடையில் சிக்கியிருந்தது. ஆசிரியர்களின் ஊதியமும் நிலுவையில் நின்றது. வரவறியாமல் துறைகளைப் பெருக்கிவிட்டார் என்று சிலர் குறை கூறினர். அக்குறையை முற்றும் பொய்யென ஒதுக்கவும் இயலாது. திட்டம் வளர்ந்த விரைவுக்குப் பொருள் வளரவில்லை. அந்நிலையில் வங்க அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆயின், பல்கலைக் கழகத்தின் உரிமையைக் குறைக்கும் நிபந்தனைகளையும் உடன் விதித்தது.

பசித்தவன் முன் வைத்த அவ்வுணவை அசுதோஷ் ஏற்கவில்லை. இன்று உரிமையை விற்றுப் பெறும் பொருள், நாளை பல்கலைக் கழகத்தின் உயிரையே போக்கிவிடும் என்று பேரவையில் முழங்கினார். பேரவையும் அவர் வழி நின்று, 1922இல் அந்நிபந்தனைகளை மறுத்தது. அடுத்த ஆண்டில், அரசின் கொள்கைக்கு உடன்பட்டால் மீண்டும் துணைவேந்தர் பதவி தரப்படும் எனக் கவர்னர் லிட்டன் பிரபு எழுதினார். தம் உயிரினும் இனிய பணியைத் தொடர வேறு வழியில்லை என்றறிந்தும், அசுதோஷ் அதனை மறுத்து விடைபெற்றார். வங்கப் புலி என்று மக்கள் அவரை அழைத்தது எத்துணைப் பொருத்தம்!

1924 மே திங்கள் 25ஆம் நாள், வழக்கொன்றின் பொருட்டுப் பாட்னா சென்றிருந்தபோது அசுதோஷ் உயிர் நீத்தார். அவர் பதவி இழந்தும் அவர் இட்ட திட்டம் அழியவில்லை. இராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்டபோது அதனைக் காண அவர் இல்லை. எனினும் அவ்வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டு.

மாணவர்களே! தாம் உண்ணப் போகும் கனிக்காக மட்டும் மரம் நடுவோர் பலர்; பின்வருவோர் உண்ணும் பொருட்டு நடுவோர் சிலரே. நெடுநோக்கு, இடைவிடா உழைப்பு, தகுதியைப் போற்றும் பண்பு, உரிமையை விற்காத உறுதி ஆகியவையே அசுதோஷ் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அதனைப் போற்றிக் காப்பது நம் கடமையாகும்.