கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

கல்வி அறிவைப் பெருக்கும். ஒழுக்கத்தை வளர்ப்பது எது? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பாவுராவ் பாட்டீல். கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜ் என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு ஜைனக் குடும்பத்தில் தோன்றிய இப்பெருந்தகை, ஏழை எளியோரின் மக்களும் கல்வி பெறல் வேண்டும் என்று 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். ரயத் என்பதற்குக் குடியானவர் என்பது பொருள்.

1924இல் சாத்தாராவில் அவர் தொடங்கிய விடுதியில் எல்லாச் சாதிச் சிறுவரும் ஒருங்கே உறைந்து, ஒரே பந்தியில் உண்டனர். மராட்டிய உழவர் போற்றும் உழைப்பும் பகிர்ந்துண்ணலுமே அங்கு ஒழுக்கப் பாடங்களாயின. உழைத்துப் பொருளீட்டிக்கொண்டே கற்கும் முறையையும் அவர் வகுத்தார். 1927இல் காந்தியடிகள் அவ்விடுதிக்கு வருகை தந்தார்.

பிள்ளைகளின் உணவுக்கு முட்டுப்பாடு நேர்ந்தபோது, ஆசாரம் மிக்க குடும்பத்தில் வளர்ந்த துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளையும், இறுதியில் மங்கலநாணையும் ஈந்தார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்ற பாவுராவ், அவ்வாண்டு மே 9ஆம் நாள் மறைந்தார்.

நம் சிறார்க்கு அகிம்சையையும் பற்றின்மையையும் ஓதுகின்றோம். யாரோடு அமர்ந்து உண்ணப் பழக்குகின்றோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.