அருட்பொழிவின் கருத்து: புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு



அருட்பொழிவு என்றால் என்ன என்று வினாத்தாளில் கேட்டால், எண்ணெய் பூசி ஆசீர்வதித்தல் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடாதீர்கள். அது பாதி விடை மட்டுமே. மீதிப் பாதியை, இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்விலிருந்து விளங்கிக் கொள்ளுங்கள்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் அரசர்களும் குருக்களும் எண்ணெயால் பூசப்பட்டனர். ஆடு மேய்த்த தாவீதை இறைவாக்கினர் சாமுவேல் இவ்வாறே அரசராக அருட்பொழிவு செய்தார். மெசியா என்ற எபிரேயச் சொல்லும் கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லும் அருட்பொழிவு பெற்றவர் என்றே பொருள்படும். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை வாசித்த இயேசு, ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கவே தாம் அருட்பொழிவு பெற்றதை உணர்த்தினார். எனவே அருட்பொழிவு பெறுபவர் ஒரு பணிக்காகத் தெரிந்தெடுக்கப்படுகிறார். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருப்பட்டத்தின்போது புதிய குருவின் கைகளில் ஆயர் எண்ணெய் பூசுவது திருச்சபையின் வழக்கம். அந்தக் கைகள் பிற்காலத்தில் என்னென்ன செய்தன என்பதைக் கவனியுங்கள்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் வசம் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் திருப்பலியும் நோயிற்பூசுதலும் இன்றி வாழ்ந்தனர். இதைக் கேள்வியுற்ற அடிகளார், 1687இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். யாழ்ப்பாணத்தில் கடும் நோயுற்றபோதும் திரும்பிச் செல்ல எண்ணவில்லை. தமிழ் பேசி, இரவில் இரகசியமாக வீடுகளில் அருட்சாதனங்களை நிறைவேற்றினார்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். பின்னர் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்று விடுதலையானார். மட்டக்களப்பு, திருகோணமலை உட்படப் பல இடங்களுக்கும் பணிப்பயணம் மேற்கொண்டார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. தொற்றுக்கு அஞ்சி, நோயாளரை உறவினரே கைவிட்டனர். அடிகளாரும் அவரது மருமகனான யோசப் கர்வாலோ அடிகளாரும் குடிசைகள் அமைத்து, உணவும் மருந்தும் கொடுத்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். சமய வேறுபாடு பார்க்காமல் எல்லாரையும் பராமரித்தனர். எண்ணெய் பூசப்பட்ட கைகள் புதைகுழியும் தோண்டின. அருட்பொழிவின் முழுப் பொருளை நீங்கள் இங்கேதான் காணவேண்டும்.

பின்னாளில் ஆயர் பதவி தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைபதம் அடைந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மாணவர்களே, ஆண்டுதோறும் புனித வாரத்தை ஒட்டி ஆயர் ஆசீர்வதிக்கும் எண்ணெய் பங்கு ஆலயங்களுக்குக் கொண்டு வரப்படுகிறது. சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்தில் திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்றவர்களே, நீங்களும் அருட்பொழிவு பெற்றவர்கள்தாம். குருவானவருக்கு மட்டும் உரிய விடயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அயல் வீட்டில் நோயாளி ஒருவர் தனித்துக் கிடந்தால், அவர் எந்தச் சமயத்தவராயினும், உங்கள் கைகளுக்கும் அங்கே வேலை உண்டு.

பரீட்சையில் விடை எழுதும்போது மூன்று படிகளைக் கைக்கொள்ளுங்கள்: சொல்லின் பொருள், வேதாகம ஆதாரம், வாழ்ந்து காட்டிய ஒருவரின் உதாரணம். மூன்றும் இருந்தால் விடை முழுமை பெறும்.