14 இன்ச் வீலும் ராமானுஜனும்

பேண்ட் சா பார்த்திருக்கீங்களா? மேலே ஒரு வீல், கீழே ஒரு வீல், ரெண்டையும் சுத்தி ஓடுற வளையமான ரம்ப பிளேடு. பரவையில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் புது பிளேடு வாங்க நானும் நண்பனும் அளவு எடுத்தோம். வீலின் விட்டத்தை பை மதிப்பால் பெருக்கி, இரண்டு மையங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் நீளம் ரெடி. பை மதிப்புக்கு 22/7 போதுமா, கால்குலேட்டரில் வருவதுதான் வேணுமா என்று எங்களுக்குள் சண்டை.

பை மதிப்பு என்றதும் நம்ம ஊரில் ஞாபகம் வர வேண்டியவர் ராமானுஜன். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர்.

அரியர் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் கிட்ட வாங்க. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் கவனிக்காததால் அந்த உதவித்தொகை போச்சு. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. காகிதம் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1912இல்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய்.

அடுத்த வருஷம் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு குட்டிக் குறிப்பு எழுதினார். ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து, வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைவது. துல்லியமாக வரையவே முடியாது என்று 1882இலேயே நிரூபணம் ஆகிவிட்டது. இவர் பை மதிப்பை 355/113 ஆக எடுத்து நெருங்கிப் போனார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் இருந்தாலும், சதுரத்தின் பக்கத்தில் வரும் பிழை சுமார் ஒரு இன்ச்தான் என்று கணக்கும் சொன்னார். அந்தப் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு!

1913இலேயே ஹார்டிக்குக் கடிதம், 1914 மார்ச்சில் கப்பல். அந்த வருஷம் வந்த பை பற்றிய கட்டுரையில் இருந்த ஒரு தொடரில், ஒவ்வொரு உறுப்பைக் கூட்டும்போதும் சுமார் 8 இலக்கங்கள் சரியாக வரும். 1985இல் கம்ப்யூட்டரில் 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களைக் கணக்கிட்டது அந்தத் தொடரை வைத்துத்தான். அவருக்கோ இங்கிலாந்தில் உடம்பு கெட்டது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், 1919இல் ஊர் திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32.

சரி, எங்க சண்டைக்கு வருவோம். 14 இன்ச் வீலுக்கு 22/7 போட்டால் சரியாக 44 இன்ச். பிழை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. டென்ஷன் திருகு அதைச் சாப்பிட்டுவிடும். நாங்க தப்புப் பண்ணினது வேற இடத்தில். அந்தத் திருகை முழுசா ஏற்றி வைத்துவிட்டு மைய தூரம் அளந்தோம்: 25¼ இன்ச். அதனால் 94½ இன்ச் பிளேடு வாங்கினோம். மாட்டிப் பார்த்தால் தொளதொள, ஏற்றுவதற்குத் திருகில் மிச்சமே இல்லை. வெட்டி வெல்டு வெச்ச பிளேடை யார் திருப்பி எடுப்பாங்க?

பட்டறை ஆசாரி ஒண்ணும் சொல்லாமல் திருகைப் பாதிக்கு இறக்கி, மறுபடி அளக்கச் சொன்னார். 24¾. அடுத்த பிளேடு 93½ இன்ச்.