பறவை மனிதர் சலீம் அலி

மார்கழி மாதத்தில் நம் தூத்துக்குடி உப்பளங்களின் பக்கம் சென்றால், மழைநீர் தேங்கிய பாத்திகளில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டங்கூட்டமாய் இரை தேடுவதைக் காணலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் தென்படும். இவற்றுள் பல வடதுருவத்தை அடுத்த நாடுகளிலிருந்து வருபவை. இப்பறவைகளின் வரலாற்றை நமக்கு அறியத் தந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சலீம் அலி ஆவார்.

இவர் 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில், குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமனும் மாமியும் அவரைத் தம் பிள்ளையாகவே வளர்த்தனர்.

சிறுவனாக இருந்தபோது காற்றுத்துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றியதுபோல் ஓர் அடையாளம் இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அது இல்லையே! மாமனுக்கும் விளங்கவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பினார். துரை அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நில்லாமல், பேழைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் காட்டினார். கதவைத் தட்டிய பிள்ளையை அவர் விரட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

படிப்பில் சலீம் அலி சூரர் அல்லர். தூய சவேரியார் கல்லூரியில் முதலாண்டிலேயே படிப்பு கசந்துவிட, பர்மாவுக்குச் சென்று குடும்பத்தின் சுரங்கத் தொழிலைக் கவனித்தார். அங்கும் கணக்கைவிடக் காடே அவரை ஈர்த்தது. 1917-இல் பம்பாய் திரும்பி வணிகப் படிப்பில் சேர்ந்தார். அப்போது அவருடைய உள்ளத்தை அறிந்து, சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் படிக்கத் தூண்டியவர் பிளாட்டர் அடிகளார் என்னும் இயேசு சபைக் குருவானவர். 1918-இல் தெமினா அம்மையாரை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத குறையால் அரசு விலங்கியல் துறை வேலை கைகூடவில்லை. அருங்காட்சியகத்தில் கிடைத்த வழிகாட்டி வேலையிலிருந்து விடுப்பு எடுத்து ஜெர்மனி சென்று, பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று 1930-இல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! கணவனும் மனைவியும் கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினர். வேலையற்றிருந்த அந்நாட்களில்தான் வீட்டருகே தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடுகிறது; பெண் வந்து ஆராய்ந்து, பிடித்தால்தான் ஏற்கிறது; அதன் பிறகே ஆண் மீதியைக் கட்டி முடித்து, அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. இந்த ஆய்வே அவருக்குப் புகழைத் தேடித் தந்தது.

காடு மேடெல்லாம் உடன் அலைந்த தெமினா 1939-இல், சிறிய அறுவை சிகிச்சை ஒன்றின் பின் காலமானார். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி வீட்டில் தங்கி, பறவைகளே உலகமென வாழ்ந்தார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் 1941-இல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது.

நம் கடற்கரையோடும் அவருக்குத் தொடர்புண்டு. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையின் பறவை வளத்தை உலகறியச் செய்ததில் அவர் பங்கு பெரிது. 1967-இல் அது சரணாலயமானது. அவர் வழிநடத்திய ஆய்வில், வலையில் பிடித்த பறவைகளின் காலில் எண் பொறித்த மெல்லிய அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். எங்கேனும் அகப்பட்டால் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி அதில் பொறித்திருக்கும். இவ்வாறு இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் சில, அந்நாளைய சோவியத் நாட்டில் கிடைத்தன.

1976-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20 அன்று, தொண்ணூறாம் வயதில் பம்பாயில் மறைந்தார். இந்த மார்கழியில் முயல்தீவுப் பக்கமோ உப்பளத்திலோ காலில் வளையத்தோடு ஒரு பறவையைக் கண்டால், அதை விரட்டாமல், எண் தெரிந்தால் குறித்து வந்து நம் அறிவியல் ஆசிரியையிடம் கொடுப்போம். பம்பாய்க் கழகத்துக்கு எழுத முகவரி அவர்களிடம் இருக்கிறது.