தேர்வு மட்டும் போதுமா?

கை விளக்கேந்திய காரிகை என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நர்சுகளின் திறமையை அளந்தறியவும் வழி வகுத்தவர்.

1820 மே 12-ந் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நர்சு வேலை அந்நாளில் இழிவாகக் கருதப்பட்டது. வீட்டார் எதிர்த்தனர். அவர் மனம் தளரவில்லை. 1851-ல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார்.

1854-ல் கிரிமியப் போரின்போது 38 நர்சுகளுடன் துருக்கி சென்றார். அவர்களில் வேலைக்குத் தகுதியற்ற சிலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மாணவிகள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு மதிப்பீட்டுத் தாள் உண்டு. நேரந்தவறாமை, நம்பகம், தூய்மை ஆகியவற்றோடு, கட்டுப் போடுதல், நோயாளியைக் கூர்ந்து கவனித்தல் முதலிய வேலைகளுக்கும் தலைமை நர்சு வார்ட்ரோப்பர் அம்மையார் தரம் குறிப்பார்.

1887-ல் பெட்போர்டு பென்விக் அம்மையார் முதலானோர், தகுதி பெற்ற நர்சுகளுக்குப் பொதுப் பதிவேடு வேண்டும் என்று இயக்கம் கண்டனர். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. நைட்டிங்கேல் இதை எதிர்த்தார். தேர்வு குணத்தை அளக்காது; என்றோ பதிவான பெயர், இன்றைய திறமைக்குச் சாட்சி ஆகாது என்று வாதிட்டார்.

1910-ல் தமது 90-ம் வயதில் காலமானார். 1919-ல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. இந்தியாவில் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே பயிற்சித் தரம் வேண்டி, 1947-ல் நர்சிங் கவுன்சில் சட்டம் பிறந்தது.

பதிவேடு வென்றது. ஆனாலும் அம்மையாரின் கேள்வி நோயாளியின் கட்டிலருகே இன்றும் நிற்கிறது.