கணிதப் பேரறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

ஆட்கள் இருமடங்காயின் நாட்கூலியும் இருமடங்காகும், இது நேர்மாறல். வேலை முடியும் நாட்களோ பாதியாகும், இது எதிர்மாறல். இவற்றைப் பள்ளியிலேயே கற்றோம். ஆயின், எல்லா மாற்றங்களும் இவ்வெளிய விதிகளுள் அடங்குவதில்லை. அங்ஙனம் அடங்காத ஒன்றைச் சிதம்பரத்தில் அமர்ந்து ஆராய்ந்து புகழெய்திய அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பிள்ளை அவர்கள் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார்; பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் மறைந்தார். கல்வி அத்துடன் நின்றிருக்கும். இவர்தம் அறிவின் கூர்மையைக் கண்ட ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஈந்து படிப்பித்தார். பின்னர், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார்.

1929 முதல் 1941 வரை, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விளங்கினார். அங்கே இவர் கைக்கொண்டது, வாரிங் என்னும் ஆங்கிலேயர் 1770-இல் எழுப்பிய வினா. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். கனங்களாயின் ஒன்பது வேண்டும். அடுக்கு உயர்ந்தால் எத்தனை வேண்டும்?

நேர்மாறலாயின், மூன்றாம் அடுக்கிற்கு ஒன்பதாக, ஆறாம் அடுக்கிற்குப் பதினெட்டே போதும். உண்மையோ வேறு. 703 என்னும் எண்ணை நோக்குக. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. அது மிகப் பெரிது. இரண்டின் ஆறாம் அடுக்காகிய 64-ஐப் பத்து முறை கூட்ட 640 ஆம். எஞ்சிய 63-ஐ ஒன்றுகளாலேயே நிரப்புதல் வேண்டும். ஆகப் பத்தும் அறுபத்து மூன்றும் சேர்ந்து 73. இவ்வளவும் எவர்க்கும் எளிது. எந்த எண்ணிற்கும் 73-க்கு மேல் வேண்டா என நிறுவுதலே அரிது. அவ்வரிய செயலைப் பிள்ளை முடித்து 1940-இல் வெளியிட்டார். ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளைப் பற்றியும் இவரும் அமெரிக்க அறிஞர் டிக்சனும் ஒருவரையொருவர் சாராது ஆராய்ந்து ஒரே முடிவினை எய்தினர்.

பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பிரின்ஸ்டன் உயராராய்ச்சி நிலையத்தின் அழைப்பினை ஏற்று அமெரிக்கா செல்லும் வழியில், 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், கெய்ரோ அருகே விமானம் வீழ்ந்து உயிர் நீத்தார். அப்போது வயது நாற்பத்தொன்பதே.

அவ்வாசிரியர் ஈந்தது சிறு சம்பளத்தின் ஒரு பகுதி. அதனால் விளைந்த பயன் எவ்விகிதத்திலும் அடங்காது. பொருளின்மையால் படிப்பை நிறுத்த எண்ணும் தோழன் ஒருவன் நம் வகுப்பிலும் இருத்தல் கூடும்; அவனைக் காணுங்கால் இவ்வரலாறு நம் நினைவிற்கு வருவதாக.